சென்னைக்குப் புதுசா? ஊருக்குள்ள சின்ன வாடகை வீடா, தள்ளிப் போய் சொந்த வீடான்னு முடிவு பண்றது எப்படி

மதுரை, திருநெல்வேலி, சேலம்னு எங்கிருந்தோ வேலைக்கு சென்னை வந்து, வந்த கொஞ்ச நாள்லயே எல்லார்கிட்டயும் ஒரே கேள்விய கேக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். "சைதாப்பேட்டைல ஒரு பெட்ரூம் வீட்டுக்கு பதினஞ்சாயிரம் குடுக்குறதுக்கு, இன்னும் கொஞ்சம் போட்டா கூடுவாஞ்சேரி பக்கம் சொந்தமா பிளாட்டே வாங்கிடலாமே, வாடகை வேஸ்ட் தானே?" வீட்ல அப்பா அம்மாவும் இதையே சொல்லுவாங்க, ஆபீஸ்ல சீனியரும் இதையே சொல்லுவாங்க. என் பதில் முன்னாடியே சொல்லிடறேன்: எந்த ஏரியால வாங்கணும்னு நினைக்கிறீங்களோ அதே ஏரியால முதல்ல வாடகைக்குப் போங்க, ஒரு ஐப்பசி கார்த்திகை மழைய அங்க இருந்து பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. ஏன் இப்படி சொல்றேன்னு கீழ ஒவ்வொண்ணா எழுதிருக்கேன்.

முதல்ல கணக்கு. "வாடகை வேஸ்ட்"ங்கறத கொஞ்சம் ஓரமா வைங்க

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். தாம்பரம் தாண்டி ஒரு டூ பெட்ரூம் பிளாட், விலை 45 லட்சம்னு வச்சுக்கங்க. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் கடன்னா வீட்டு மதிப்புல 80 சதவீதம் வரைதான் பேங்க் தரலாம்ங்கறது ரிசர்வ் பேங்க் ரூல். ஸோ 36 லட்சம் லோன், 9 லட்சம் உங்க கைக்காசு. பத்திரச் செலவு இதுல சேராது, அது தனி. தமிழ்நாட்டுல ரீசேல் வீடு, மனைக்கு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் ரெண்டும் சேத்து 9 சதவீதம். புது அபார்ட்மென்ட்ட பில்டர்கிட்ட இருந்து முதல் தடவையா வாங்குறப்போ 50 லட்சம் வரைக்கும் 6 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரைக்கும் 7. இது அப்பப்ப மாறும், அதனால பதியப் போறதுக்கு முன்னாடி சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு தடவ கேட்டுக்கங்க. கட்டிட்டு இருக்கிற பிளாட்டா இருந்தா ஜிஎஸ்டி 5 சதவீதம், 45 லட்சத்துக்குள்ள சின்ன பிளாட்டா இருந்து சட்டத்துல சொன்ன அளவுக்குள்ள வந்தா 1 சதவீதம், கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்துட்டா ஜிஎஸ்டியே கிடையாது. இதுக்கெல்லாம் மேல கபோர்டு, கிச்சன், கிரில், பேன், மோட்டார்ல பங்கு, அசோசியேஷன் டெபாசிட்டுன்னு போயிட்டே இருக்கும். ஆக 9 லட்சம் வச்சிருக்கேன், வாங்கிடலாம்னு கிளம்பினா பாதி வழில பர்சனல் லோன் எடுக்க வேண்டி வரும், அந்த வட்டிதான் ஆளைக் கொல்லும்.

இப்ப ஈஎம்ஐ. 36 லட்சம், 20 வருஷம், எட்டரை சதவீதம்னா மாசம் 31,200 ரூபா சொச்சம். முதல் மாசம் கட்டுற அந்த 31,200ல வட்டி மட்டும் 25,500, அசல்ல கழியுறது 5,700 பக்கம்தான். முதல் வருஷம் முழுக்க கட்டினது மூணே முக்கால் லட்சம், அதுல மூணு லட்சத்துக்கு மேல வட்டி, கடன் குறைஞ்சது எழுபதாயிரம் சில்லறை. இருபது வருஷத்துல மொத்தம் 75 லட்சம் கட்டுவீங்க. வாடகை திரும்பி வராத காசுன்னா இந்த வட்டியும் திரும்பி வராத காசுதான். அதுக்காக வாங்கக்கூடாதுன்னு சொல்லல, வாடகையையும் முழு ஈஎம்ஐயையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்காதீங்க, வாடகையையும் வட்டியையும் வச்சுப் பாருங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணு, இது நிறைய பேர் பண்றதே இல்ல. வாங்கப் போற அதே அபார்ட்மென்ட்ல, அதே அளவு பிளாட் வாடகைக்கு என்ன போகுதுன்னு வாட்ச்மேன்கிட்ட கேளுங்க. புறநகர்ல பல இடத்துல வாடகை ஈஎம்ஐல பாதி கூட இருக்காது. அப்படின்னா அதே வீட்ல வாடகைக்கு இருந்துட்டு மிச்சத்த ஆர்டி, மியூச்சுவல் ஃபண்டுன்னு போட்டு முன்பணத்த ஏத்தினா மூணு நாலு வருஷத்துல லோன் தொகையே குறையும். மிச்சத்த நெஜமாவே சேக்குற ஆளா நீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், சேக்க மாட்டேன்னு மனசுக்குப் பட்டா ஈஎம்ஐ ஒரு கட்டாய சேமிப்பு மாதிரி உதவும், அதுவும் நியாயமான காரணம்தான்.

வரியையும் பாத்துருங்க. வீட்டுக்கடன் வட்டிக்கு 2 லட்சம், அசலுக்கு ஒன்றரை லட்சம் கழிவுன்னு சொல்லி விக்கிறாங்க இல்ல, நாம குடியிருக்கிற வீட்டுக்கு அதெல்லாம் பழைய வரி முறைலதான். புது முறைல இருந்தீங்கன்னா அந்த கழிவு இல்ல, வாடகைக்கான ஹெச்ஆர்ஏ கழிவும் இல்ல. உங்க கம்பெனில எந்த முறைல டிடிஎஸ் புடிக்கிறாங்கன்னு பாத்துட்டு கணக்கு போடுங்க.

ரெண்டாவது, ஆபீஸ் எந்தப் பக்கம்

"புறநகர்"னு பொதுவா சொல்றதுல அர்த்தமே இல்ல. சென்னைல ஒவ்வொரு வேலை இடத்துக்கும் ஒவ்வொரு புறநகர் இருக்கு, தப்பான பக்கம் வாங்கினீங்கன்னா தினமும் ஊர சுத்தி வரணும்.

ஆபீஸ் எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டின்னா பீச் – தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் லைன்தான் உங்க உயிர்நாடி. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் பாக்கலாம். ஆனா ஒண்ணு கவனிங்க, தாம்பரம் வரைக்கும் அடிக்கடி வர்ற ரயில் தாம்பரத்துக்கு அப்பால அவ்ளோ அடிக்கடி வராது. சாயங்காலம் நீங்க ஸ்டேஷன் வர்றப்போ செங்கல்பட்டு வண்டி இருக்கான்னு டைம் டேபிள வச்சுப் பாருங்க. அம்பத்தூர் எஸ்டேட், பாடி பக்கம் வேலைன்னா ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் லைன் பாருங்க. ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) வேலைன்னா சமாச்சாரமே வேற. சோழிங்கநல்லூர், சிறுசேரிக்கு புறநகர் ரயில் கிடையாது, பறக்கும் ரயிலும் அங்க வராம வேளச்சேரி பக்கம் திரும்பிடுது. அதனால விலை கம்மின்னு கூடுவாஞ்சேரில வாங்கிட்டு தினமும் வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்ல பைக்ல போயிட்டு வர்றது எவ்ளோ நாளைக்கு முடியும்னு யோசிங்க, அதுக்கு கேளம்பாக்கம், படூர், திருப்போரூர் பக்கமே பாக்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பேக்டரில வேலைன்னா கம்பெனி பஸ் எந்த ரூட்ல வருதுன்னு கேட்டு அந்த ரூட்லயே வீடு பாருங்க, படப்பை, சிங்கப்பெருமாள்கோவில் எல்லாம் அவங்களுக்கு ஊருக்குள்ள இருக்கிறத விட வசதி.

புரோக்கரும் விளம்பரமும் சொல்ற "ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷம்"ங்கறத நம்பாதீங்க. ஒரு திங்கட்கிழமை காலைல அந்த வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் சீட் வரைக்கும் நீங்களே போய் பாருங்க. வீட்ல இருந்து ஸ்டேஷன், டூவீலர் ஸ்டாண்டுல வண்டி விட இடம், பிளாட்பாரம், ரயில்ல ஏற முடியுதா, இறங்கி அங்க இருந்து ஷேர் ஆட்டோ, எல்லாம் சேத்து. கூடுவாஞ்சேரி – எழும்பூர் ரயில் மட்டுமே ஒரு மணி நேரம் பக்கம் ஆகும், முன்னாடி பின்னாடி சேத்தா ஒண்ணே முக்கால் மணி நேரம் ஒரு வழிக்கு சாதாரணமா போயிடும். ஊருக்குள்ள சின்ன வீட்ல இருக்கிறவர் அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்து புள்ளையோட பாடம் பாத்துட்டு இருப்பார். போக வர சேத்து தினமும் வர்ற இந்த ரெண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு நீங்க எவ்ளோ வெல போடுவீங்கங்கறதுதான் இந்த மொத்த கேள்வியோட பாதி. ராத்திரி ஒன்பது மணிக்கு அதே ஸ்டேஷன்ல இறங்கி நடந்தும் பாருங்க, தெரு லைட் எரியுதா, நாய் தொல்லை எப்படி, வீட்டுப் பொம்பளைங்க தனியா வர முடியுமா. இத பகல்ல வீடு பாக்கப் போனவங்க யாரும் கவனிக்கிறதில்ல.

வண்டலூர் பக்கத்துல இருக்கிற கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பர் கடைசில திறந்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கம் தென்மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு நெஜமான வசதி வந்திருக்கு, ஊருக்குப் போறப்போ கோயம்பேடு வரைக்கும் போக வேணாம். அடிக்கடி ஊருக்குப் போறவங்க இத கணக்குல சேத்துக்கலாம்.

மூணாவது, ஊருக்குள்ள சின்ன வீடு எடுக்கறதுன்னா

எப்பவும் தண்ணில இருந்து ஆரம்பிங்க. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணி) வருதா, போர் தண்ணியா, உப்பா, சம்ப் இருக்கா, மே மாசம் லாரி தண்ணி வாங்குவாங்களா, வாங்கினா காசு யார் தர்றது. ஹவுஸ் ஓனர் "தண்ணி பிரச்சினையே இல்ல"ன்னுதான் சொல்வார், பக்கத்து போர்ஷன்காரங்க கிட்டயோ கீழ இருக்கிற மளிகைக் கடைலயோ கேளுங்க, உண்மை அங்க வரும். லிப்ட் இல்லாம மூணாவது மாடின்னா தண்ணி கேன் போடுறவர் மேல ஏத்துவாரான்னும் கேட்டுக்கங்க.

அடுத்து கரண்ட். தனி ஈபி மீட்டரா, இல்ல ஓனர் வச்ச சப் மீட்டரான்னு பாருங்க. வீட்டுக்கு தனி கனெக்‌ஷன் இருந்தா ரெண்டு மாச பில்லுல அரசு தர்ற இலவச யூனிட் உங்களுக்கு வரும். சப் மீட்டர்னா ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஒரு ரேட் வச்சிருப்பார், அது ஏசி போடுற வீட்டுக்கு மாசா மாசம் நல்ல தொகையா நிக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற வீடுன்னா கத்திரி வெயில்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் செவுத்த தொட முடியாது, ஒரு மத்தியானம் மூணு மணிக்குப் போய் வீட்டுக்குள்ள கால் மணி நேரம் நில்லுங்க. சின்ன வீட்டுக்கு முக்கியமானது அளவு இல்ல, காத்து. ரெண்டு பக்கம் ஜன்னல் இருக்கிற 350 சதுரடி, ஜன்னலே இல்லாத 500 சதுரடிய விட எவ்ளவோ மேல். துணி காயப் போட மாடிக்கு விடுவாங்களா, பைக் உள்ள நிறுத்தலாமா, வாஷிங் மிஷின் வைக்க பாயிண்ட் இருக்கா, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து பத்து நாள் தங்கினா மூஞ்சி காட்டுவாங்களா. இதெல்லாம் கேக்க வெக்கப்படாதீங்க.

அட்வான்ஸ் பத்தி. சென்னைல பத்து மாச வாடகைய அட்வான்ஸா கேக்குற பழக்கம் இன்னும் போகல. ஆனா 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிர மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாதுன்னு இருக்கு. "ஒத்துக்கிட்டா தவிர"ன்னு இருக்கிறதாலதான் பத்து மாசம்னு அக்ரிமென்ட்ல எழுதி கையெழுத்து வாங்கிடறாங்க. ஸோ பேசுறது கையெழுத்துக்கு முன்னாடி. அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகார அமைப்புல பதியணும்ங்கறதும் அதே சட்டம்தான், சண்டைன்னு வந்தா அந்த பதிவு எண் இல்லாம ஒண்ணும் பேச முடியாது. தண்ணி, கரண்ட கட் பண்ணி காலி பண்ண வைக்கவும் ஓனருக்கு உரிமை இல்ல. காலி பண்றப்போ பெயின்டிங்குக்கு எவ்ளோ புடிப்பாங்கன்னு இப்பவே எழுதிக்கங்க, பூந்த அன்னைக்கே செவுரு, குழாய், டைல்ஸ் எல்லாம் போன்ல வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸப்ல அனுப்பி வச்சிருங்க. அட்வான்ஸ பேங்க் வழியாவே குடுங்க.

ஆடி மாசம் யாரும் வீடு மாற மாட்டாங்க, அதனால ஆடில டூ லெட் போர்டு தொங்குற வீடுகள்ல ஓனர் கொஞ்சம் இறங்கி வருவார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லைன்னா அப்ப போய் பேசுங்க, அட்வான்ஸ் வாடகை ரெண்டுமே குறையும். பால் காய்ச்சறது ஆவணில வச்சுக்கறேன்னு சொல்லி ஆடிலயே பேசி முடிக்கிறவங்களும் உண்டு.

இடைல ஒரு எச்சரிக்கை: லீஸு

சென்னைல சுத்தினா "லீஸுக்கு வீடு, 8 லட்சம், வாடகை இல்ல"ன்னு போர்டு பாப்பீங்க. ஊர்ல ஒத்தின்னு சொல்ற அதே முறைதான், மொத்தமா பணம் குடுத்து ரெண்டு மூணு வருஷம் இருந்துட்டு காலி பண்றப்போ பணம் திரும்ப வாங்கறது. கேக்க ரொம்ப நல்லா இருக்கும். வீட்டு மேல பேங்க் லோன் இருந்து ஓனர் கட்டாம விட்டுட்டார்னா பேங்க் வந்து வீட்ட ஜப்தி பண்ணிடும், உங்க எட்டு லட்சம் நடுத்தெருவுல நிக்கும். அதனால லீஸ்னா, வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு பாத்து, ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டு அடமானம் இருக்கான்னு பாத்து, லீஸ் பத்திரத்த சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சு தந்தாதான் எடுங்க. ஈசில வராத அடமானமும் இருக்கலாம், அதனால ஒரிஜினல் பத்திரத்த கண்ணால பாக்கணும்னு கேளுங்க. ஜெராக்ஸ் மட்டும் காட்டினா அந்த வீடு வேணாம். நடுவுல இருக்கிற ஆள் ஓனர்கிட்ட மாச வாடகைக்கு எடுத்து உங்களுக்கு லீஸுக்கு விடறதும் நடக்குது, ஓனர நேர்ல பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க. வாழ்நாள் சேமிப்ப இப்படி தொலைச்சிட்டு நிக்கிற குடும்பங்கள பாத்தா மனசு ஆறாது.

நாலாவது, வாங்குற ஏரியால ஒரு மழைக்காலம்

நான் ரொம்ப அழுத்தி சொல்றது இததான். 2015 டிசம்பர்ல அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பக்கம் முதல் மாடி வரைக்கும் தண்ணி வந்துச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் நாள் கணக்குல முங்கி கெடந்துச்சு. ஆனா வீடு விக்கிறது எல்லாம் ஏப்ரல், மே மாசம், காஞ்ச தரைல, வெள்ளையடிச்ச செவுத்தோட. ஒரே ஏரியாலயே ஒரு தெரு தப்பிக்கும் அடுத்த தெரு முங்கும், அது அங்க இருந்தாதான் தெரியும். வாடகைக்கு பத்து பதினோரு மாசம் இருந்தீங்கன்னா மழையும் பாத்துருவீங்க, கோடைல போர் வத்துதா, செப்டிக் டேங்க் லாரி எத்தன தடவ வருது, பள்ளிக்கூட வேன் வருதா, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு எங்க ஓடணும், எல்லாம் தெரிஞ்சிடும். இருக்க முடியாதவங்க குறைஞ்சது ஒரு பெரிய மழைக்கு மறுநாள் காலைல அங்க போய் நில்லுங்க. பழைய வீட்டு காம்பவுண்ட் செவுத்துல தண்ணி நின்ன கோடு இருக்கும், ரோட்ட விட வீட்டுத் தரை எவ்ளோ உசரம்னு பாருங்க, டீக்கடைக்காரர்கிட்ட 2015ல எப்படின்னு கேளுங்க.

அஞ்சாவது, பேப்பர்

பிடிச்சிருக்குன்னு டோக்கன் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க, குடுத்ததுக்கு அப்புறம் இல்ல.

அப்ரூவல்: பிளான் அனுமதி குடுத்தது சிஎம்டிஏவா (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியான்னு (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கேட்டு நம்பர வாங்கி அந்தந்த சைட்ல பாருங்க. "பஞ்சாயத்து அப்ரூவல்" மனைன்னு சொன்னா உஷார். அங்கீகாரம் இல்லாத மனைகள பதியக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் தடை போட்டுச்சு, அதுக்கப்புறம் 2017ல 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி இருந்த மனைகள வரன்முறை பண்ற திட்டம் வந்துச்சு. வரன்முறை உத்தரவு கைல இருந்தா பரவால்ல, "அப்புறம் பண்ணிக்கலாம்"னா வேணாம், லோனும் கிடைக்காது.

ரேரா: 8 வீட்டுக்கு மேலயோ 500 சதுரமீட்டருக்கு மேலயோ இருக்கிற புது புராஜெக்ட் தமிழ்நாடு ரேரால (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிஞ்சிருக்கணும். அங்க போட்டிருக்கிற கார்பெட் ஏரியாவ பாருங்க, பில்டர் சொல்ற 1000 சதுரடில காரிடார், படிக்கட்டு எல்லாம் சேந்திருக்கும், நீங்க நடக்குற தரை எழுநூறு சில்லறைதான் இருக்கும். யுடிஎஸ், அதாவது நிலத்துல உங்க பங்கு எவ்ளோன்னு பத்திரத்துல பாருங்க, முப்பது வருஷம் கழிச்சு கட்டிடம் பழசானா உங்ககிட்ட மிஞ்சுறது அந்த நிலம்தான்.

வில்லங்கம்: ஈசிய பதிவுத்துறை சைட்லயே நீங்களே போடலாம், முப்பது வருஷத்துக்காவது போடுங்க. பட்டா, அ-பதிவேடு (நிலம் என்ன வகைன்னு இருக்கிற வருவாய்த்துறை பதிவேடு), புல வரைபடம் எடுத்து அந்த சர்வே நம்பர் ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்குன்னு எதுலயும் வரலையான்னு பாருங்க. தாய்ப்பத்திரத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் கை மாறினது தொடர்ச்சியா வரணும். நடுவுல யாராவது இறந்திருந்தா வாரிசு எல்லாரும் கையெழுத்து போட்டாங்களா, பவர் (வேறொருத்தருக்காக விக்கிற அதிகாரப் பத்திரம்) வச்சு விக்கிறாங்கன்னா பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரா. பேங்க் லீகல் பாத்துட்டாங்கன்னு விட்டுடாதீங்க, பேங்க் அவங்க கடனுக்கு பாக்குது, உங்களுக்கு பாக்கல. பில்டர் காட்டுற வக்கீல் இல்லாம வேற வக்கீல்கிட்ட கொஞ்சம் பீஸ் குடுத்து ஒப்பீனியன் வாங்குங்க.

கடைசி கட்டம்

ஈஎம்ஐ கைக்கு வர்ற சம்பளத்துல மூணுல ஒரு பங்க தாண்டாம பாத்துக்கங்க, ரெண்டு பேர் சம்பளத்தையும் நம்பி லோன் எடுக்கறப்போ ஒரு சம்பளம் ஆறு மாசம் நின்னா என்ன பண்ணுவீங்கன்னு பேசி வைங்க, குழந்தை பொறக்குற சமயம் அது நெஜமாவே வரும். ப்ளோட்டிங் வட்டில (ஏறி இறங்குற வட்டி) கம்பெனி பேர்ல இல்லாம தனிநபர் பேர்ல எடுத்த வீட்டுக்கடன முன்கூட்டி கட்டினா அபராதம் கிடையாது, அதனால போனஸ் வர்றப்போ அசல்ல போடுங்க, முதல் அஞ்சு வருஷத்துல போடுற ஒவ்வொரு ரூபாயும் பின்னாடி நிறைய வட்டிய குறைக்கும். அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல பெங்களூரோ வெளிநாடோ மாற வாய்ப்பு இருந்தா வாங்குறத தள்ளிப் போடுங்க, பத்திரச் செலவே திரும்ப வராது.

பத்திரம் பதிஞ்ச சந்தோஷத்துல நிறைய பேர் மிச்ச வேலைய விட்டுடறாங்க. தனி வீடு, மனைன்னா பட்டாவ உங்க பேருக்கு மாத்துங்க, ஈபி கனெக்‌ஷன், சொத்து வரி, தண்ணி வரி எல்லாத்துலயும் பேர் மாத்துங்க. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு ஈசி போட்டு உங்க பேர் ஏறியிருக்கான்னு பாத்து பிரிண்ட் எடுத்து வைங்க. வாடகை வீட்ட காலி பண்ற நோட்டீஸ, புது வீட்ல தண்ணி கனெக்‌ஷனும் கரண்டும் வந்த பிறகு குடுங்க, பில்டர் சொன்ன தேதிய வச்சு குடுக்காதீங்க.